தள்ளிவிட்டவள்

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதை. ஒரு வளைவில் கார் திரும்பியபோது, மனைவியோடு என்னை அழைத்துச் சென்ற நண்பர் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "ஹிட்ச்காக்கின் 'சஸ்பிஷன்' ஞாபகம் வருகிறது ஸார். அந்த மாதிரி மலைவிளிம்புக் காட்சியைத் தமிழில் எவனாவது எடுத்திருக்கிறானா?" என்றார். ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும்வரை எங்கள் சண்டை ஓயவில்லை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1941-இல் ஹாலிவுட் தந்த படம் அது. செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தி, ஜோன் ஃபான்டெயின், வசீகரமான ஊதாரி ஒருவனை மணக்கிறாள். அவன் கேரி கிராண்ட். முதலில் அவனுடைய பொய்கள் தெரிகின்றன. பிறகு கடன், கையாடல். கடைசியில், தன்னையே கொன்றுவிடுவானோ என்ற பயம். இருண்ட மாடிப்படியில் அவன் பால் டம்ளரை ஏந்தி வருகிறான். பால் மட்டும் ஒளிர்கிறது. உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்துப் படம் பிடித்தார்களாம். அந்தக் காட்சிக்கு நானும் அடிமைதான்.

பிறகு வருகிறது நண்பர் புகழ்ந்த விளிம்பு. ஓடும் காரின் கதவு திறந்துகொள்கிறது, அவன் கை நீள்கிறது, அவள் அலறுகிறாள். தள்ளப் போகிறானா? இல்லையாம், பிடித்து இழுக்கத்தான் பார்த்தானாம்! கார் வீட்டை நோக்கித் திரும்புகிறது.

பிரான்ஸிஸ் ஐல்ஸ் 1932-இல் எழுதிய மூல நாவலில் கணவன் கொலைகாரனேதான். கேரி கிராண்டைக் கொலைகாரனாக்க ஸ்டூடியோ சம்மதிக்கவில்லை என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் சொன்னார். நட்சத்திரத்தின் முகத்தில் கரி படக்கூடாது. ஆகவே மனைவியின் புத்தியில் பூசினார்கள். அவன் பொய் சொன்னது நிஜம், பணம் கையாடியது நிஜம். அவள் சந்தேகித்தது மட்டும் குற்றம்! அந்தக் குற்றத்தை அழகாக நடித்துக் காட்டியதற்கு ஆஸ்கார் பரிசு வேறு.

நம்மிடம் என்ன இருந்தது? 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' இருந்தது. வசனம் மு. கருணாநிதி. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், ஆகையால் நான் தேசப் பெருமை பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பின்னணியில் இனிக்க இனிக்கப் பாட, கொள்ளைக்காரன் பார்த்திபன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். உச்சியில்தான் விஷயம் வெளிவருகிறது: அவளைக் கொல்லப் போகிறான். அவள் மூர்ச்சை போட்டு விழவில்லை. சாகுமுன் கணவனை மூன்று முறை வலம்வர வேண்டும் என்கிறாள். பதிவிரதை கேட்கும் வரமல்லவா, எந்தக் கணவன் மறுப்பான்? சுற்றி வருகிறாள். பின்னாலிருந்து ஒரே தள்ளு!

இது சினிமாக்காரர் கற்பனையல்ல, குண்டலகேசிக் கதை. காவியத்தில் சில பாடல்களே மிஞ்சின. அந்தத் தள்ளு மட்டும் முழுசாக மிஞ்சிவிட்டது.

"பார்த்திபனாக நடித்தவர் எஸ்.ஏ. நடராஜன். அந்த வேஷத்தில் எம்.ஜி.ஆர். இருந்திருந்தால் தள்ளியிருப்பார்களா?" என்று மடக்கினார் நண்பர். நல்ல கேள்வி. தள்ளியிருக்க மாட்டார்கள். இன்னொரு டூயட்டைப் பாடவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நட்சத்திரம் பெரிதாகப் பெரிதாக மனைவியின் கண் குருடாக வேண்டும். அந்த நோய் ஹாலிவுட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஆனால் நோயையே கலை என்று கொண்டாடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

திரும்பி இறங்கும்போது அதே வளைவு வந்தது. அதுவரை வாயே திறக்காத நண்பரின் மனைவி பின் ஸீட்டிலிருந்து கேட்டார்: "அந்தத் தமிழ்ப் படம் எங்கே கிடைக்கும், ஸார்?"

நண்பர் காரை மிகவும் மெதுவாக ஓட்டினார்.