கத்தரிக்க முடியாத படம்: 'ஸ்டார்மி வெதர்'

படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதித்து, கால்களை இருபுறமும் விரித்துப் படியில் விழுந்து, கை ஊன்றாமல் அப்படியே எழுந்து நிற்கும் இரண்டு கறுப்பினச் சகோதரர்களின் காணொலியைத் தோழர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். யாராவது ஒரு தமிழ்ப் பாட்டை அதன்மேல் ஒட்டி ரீல்ஸ் போட்டிருப்பார்கள். வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்போம். அது எந்தப் படம், ஆடுகிறவர்கள் யார், அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

படத்தின் பெயர் 'ஸ்டார்மி வெதர்'. 1943 ஜூலையில் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்டது. இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டோன். மொத்தம் 78 நிமிடம்தான். ஹாலிவுட் இசைப்படம் என்றதும் 'சிங்கிங் இன் தி ரெயின்', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்று அடுக்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னாலும் அந்தப் படிக்கட்டு ஆட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு முழுப் படத்தை இப்படித் துண்டாக வெட்டி எடுத்து ரசிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கலைஞர்களை ஹாலிவுட் எப்படி நடத்தியது என்று தெரிந்தால் அது புரியும்.

படிக்கட்டில் குதிக்கும் ஃபயார்ட் நிக்கலஸ், ஹெரால்ட் நிக்கலஸ் இருவரும் 1940 முதலே ஃபாக்ஸ் படங்களில் ஆடிவந்தவர்கள். ஆனால் அந்தப் படங்களின் கதையில் அவர்களுக்கு வேலை கிடையாது. ஒரு விடுதிக் காட்சி வரும், இருவரும் வந்து ஆடுவார்கள், கைதட்டல் வாங்குவார்கள், போய்விடுவார்கள். எம்ஜிஎம் நிறுவனத்தில் பாடகி லீனா ஹார்னுக்கும் இதே நிலைமைதான். ஒரு தூணில் சாய்ந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார். கதாநாயகனோ நாயகியோ அவரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கறுப்பினத்தவரைச் சமமாகக் காட்டும் காட்சிகளைத் தென்மாநிலத் திரையரங்குகள் ஏற்காது என்பதால், கதை அறுபடாமல் வெட்டி எடுக்க வசதியாகவே அந்தக் காட்சிகள் எழுதப்பட்டன. மெம்ஃபிஸ் நகரத் தணிக்கை வாரியத் தலைவர் லாயிட் பின்ஃபோர்ட் இந்த வேலையில் பேர்போனவர். 1945இல் 'புரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தையே அங்கு தடை செய்தார். அதில் வரும் கறுப்பின நடிகர் எடி ஆண்டர்சன் வெள்ளையரோடு அளவுக்கு மீறிச் சமமாகப் பழகுகிறார் என்பதுதான் குற்றம். எடி ஆண்டர்சன் நடித்ததே வேலைக்காரர் வேடம்!

'ஸ்டார்மி வெதர்' படத்தில் இந்தக் கத்தரி செல்லாது. நடிகர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். பில் ராபின்சன், லீனா ஹார்ன், கேப் காலவே, ஃபேட்ஸ் வாலர், ஏடா பிரவுன், கேதரின் டன்ஹமும் அவர் நடனக் குழுவும், நிக்கலஸ் சகோதரர்கள் என்று பெரும் கலைஞர்கள் வரிசையாக வருகிறார்கள். 'காஸாபிளாங்கா' படத்தில் பியானோ வாசிப்பவராக நாம் பார்த்த டூலி வில்சனும் இருக்கிறார். வெட்டுவதானால் படத்தையே வெட்ட வேண்டும். வேறு படங்களில் ஊறுகாய்போல் தொட்டுக்கொள்ளப்பட்டவர்கள் இங்கே சோறாக இருக்கிறார்கள்.

இது யாருடைய பெருந்தன்மையும் அல்ல. போர் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் பாசிசத்துக்கு எதிராகவும் உள்நாட்டில் நிறவெறிக்கு எதிராகவும் இரட்டை வெற்றி வேண்டும் என்ற இயக்கத்தைப் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின ஏடு 1942இல் தொடங்கியிருந்தது. அதே காலத்தில் என்ஏஏசிபி அமைப்பின் வால்டர் ஒயிட், ஹாலிவுட் நிறுவனங்களோடு உட்கார்ந்து, வேலைக்காரர், கோமாளி வேடங்களை விட்டு வெளியே வாருங்கள் என்று வாதாடினார். கறுப்பின மக்களின் ஆதரவு அரசாங்கத்துக்கும் தேவைப்பட்டது. அந்த நெருக்கடியில்தான் 1943இல் எம்ஜிஎம் 'கேபின் இன் தி ஸ்கை' படத்தையும் ஃபாக்ஸ் இந்தப் படத்தையும் எடுத்தன.

வெளிவந்த நேரத்தையும் பாருங்கள். ஜூன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில், தொளதொள 'ஜூட் சூட்' அணிந்த மெக்சிக்க அமெரிக்க இளைஞர்களையும் கறுப்பின இளைஞர்களையும் கடற்படைச் சிப்பாய்கள் தெருவில் இழுத்துப்போட்டு அடித்து, துணியை உரித்தார்கள். ஜூன் 20 அன்று டெட்ராய்ட்டில் தொடங்கிய கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அதில் 25 பேர் கறுப்பினத்தவர். படம் வந்த சில நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, கறுப்பினப் படைவீரர் ஒருவரைப் போலீஸ்காரர் சுட்டதால் ஹார்லெம் கொதித்தது. இந்தச் சூழலில் கேப் காலவே திரையில் ஒரு பிரம்மாண்டமான ஜூட் சூட்டை மாட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து நிற்கிறார். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குப் பார்த்த இளைஞர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

கதை மெல்லிசுதான், அதை மறைக்க வேண்டாம். வயதான ஒரு நடனக் கலைஞர் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குத் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். முதல் உலகப்போர் முடிந்து கறுப்பினப் படைவீரர்கள் ஊர் திரும்புவதில் தொடங்கி, அவர் ஒரு பாடகியைச் சந்திப்பது, காதல், பிரிவு, மறுபடி சேர்வது என்று போகிறது. ராபின்சனுக்கு அப்போது 65 வயது. லீனா ஹார்னுக்கு 26. அந்தக் காதலை நம்புவதற்கு நாங்களும் எவ்வளவோ முயன்றோம், முடியவில்லை. ஆனால் பிரிவுக்கு என்ன காரணம் என்று கவனியுங்கள். அவர் வீடு, குழந்தை என்று அடங்கச் சொல்கிறார். இவர் பாடுவதை விடமாட்டேன் என்கிறார். ஹாலிவுட்டில் கறுப்பினப் பெண் என்றால் ஏப்ரன் கட்டிய பணிப்பெண் என்றிருந்த காலம் அது. 1940இல் ஆஸ்கர் வாங்கிய ஹேட்டி மெக்டானியலுக்கே தனி மேசை போட்டுத்தான் உட்காரவைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கறுப்பினப் பெண் தன் தொழிலுக்காகக் காதலை வேண்டாம் என்கிறாள்.

அந்தப் பிரிவிலிருந்துதான் படத்தின் தலைப்புப் பாட்டு வருகிறது. 1933இல் காட்டன் கிளப்பில் எதெல் வாட்டர்ஸ் பாடிப் புகழ்பெறச் செய்த பாட்டு. (காட்டன் கிளப் ஹார்லெமில் இருந்தது. மேடையில் கறுப்பினத்தவர், மேசைகளில் வெள்ளையர் மட்டும்.) ஜன்னலோரம் நின்று, வெளியே மழையும் மின்னலுமாக இருக்க, லீனா ஹார்ன் பாடுகிறார். பாட்டின் நடுவே கேமரா ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. மேம்பாலத்து ரயில் பாதைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கியவர்களிடையே கேதரின் டன்ஹம் நிற்கிறார். அங்கிருந்து ஒரு கனவு நடனம் விரிகிறது. காற்றில் பறக்கும் உடைகள், மேகங்கள், பாலேயும் கரீபிய அசைவும் கலந்த உடல்மொழி. டன்ஹம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்து, 1930களில் ஹைட்டிக்குப் போய் நடனங்களை ஆய்வு செய்தவர். அதுவரை ஹாலிவுட் கறுப்பு உடலுக்கு இரண்டே வேலை கொடுத்திருந்தது: காட்டுக் கூத்து, இல்லையென்றால் அடுப்படி. இந்தச் சில நிமிடங்களில் அந்த உடல் சோகத்தையும் கனவையும் ஆடுகிறது. எங்களைக் கேட்டால், படிக்கட்டுக் காட்சியைவிட இதுதான் படத்தின் உச்சம். ரீல்ஸில் இது வராது.

படிக்கட்டுக் காட்சியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். காலவேயின் வாத்தியக்குழுவுக்கு நடுவே, இசைத்தாள் வைக்கும் மேடைகளின்மேல் தாவித் தாவிப் போகிறார்கள், பியானோமேல் ஏறி ஆடுகிறார்கள், பிறகு படிக்கட்டு. ஒத்திகை பார்க்காமல் முதல் டேக்கிலேயே முடித்ததாக ஃபயார்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த இசை நடனக் காட்சி இதுதான் என்று ஃபிரெட் அஸ்டேர் அவர்களிடம் சொன்னாராம். அஸ்டேர் நல்ல கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் ஜிஞ்சர் ராஜர்ஸோடு மட்டும் பத்துப் படங்களில் கதாநாயகனாக ஆட அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1936இல் 'ஸ்விங் டைம்' படத்தில் பில் ராபின்சனுக்கு மரியாதை செய்கிறேன் என்று அதே அஸ்டேர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடினார். ராபின்சன் அப்போது உயிரோடு, அதே ஹாலிவுட்டில் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். பறையிசையை மேடையேற்றிக் கைதட்டிவிட்டுப் பறையடிப்பவரை வாசலில் நிறுத்தும் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த மரியாதையின் விலை தெரியும்.

நம் வட்டத்தில் இந்தப் படத்தின்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் உண்மையானவை. படத்துக்குள்ளேயே கறுப்பின நகைச்சுவை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருகிறார்கள். 'கேக்வாக்' ஆட்டத்தில் பெண்களின் பின்தலையில் சூரியகாந்திப் பூ. அதன் நடுவே கறுப்பினக் குழந்தையைக் கேலி செய்யும் பொம்மை முகம். பார்க்கக் கூசுகிறது. இசைப் பொறுப்புக்கு அழைக்கப்பட்ட கறுப்பின இசையமைப்பாளர் வில்லியம் கிராண்ட் ஸ்டில், தன் மக்களை இந்நிறுவனம் இழிவுபடுத்துகிறது என்று சொல்லி வேலையை விட்டே போனார். தயாரித்தவரும் வெள்ளையர், இயக்கியவரும் வெள்ளையர், லாபமும் அவர்களுக்கே. கறுப்பினத்தவர் மட்டுமே வாழும் ஓர் உலகத்தைக் காட்டியதால் நிறவெறி என்ற ஒன்றே அதில் இல்லாமல் போய்விடுகிறது. பிரித்து வைத்த கொடுமையைப் பிரித்து வைத்தே மறைத்த படம் என்று ஒரு தோழர் சொன்னார். அதற்கு எங்களிடம் மறுப்பு இல்லை.

ஆனால் அதோடு படத்தை ஒதுக்கிவிட்டால் யாரை ஒதுக்குகிறோம்? முதலாளிக்கு எதுவும் குறையப்போவதில்லை. ரிச்மண்டில் அடிமையாக இருந்த பாட்டியால் வளர்க்கப்பட்ட ராபின்சன்தான் காணாமல் போவார். அதே ஊரில் 1933இல், குழந்தைகள் சாலை கடக்கத் திண்டாடுவதைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தில் போக்குவரத்து விளக்கு போட்டுக் கொடுத்தவர் அவர். மெம்ஃபிஸ் பீல் தெரு விடுதிக் காட்சியில் புருவத்தாலேயே நடிக்கும் ஃபேட்ஸ் வாலர் காணாமல் போவார். படம் வந்த ஆண்டின் டிசம்பரிலேயே 39 வயதில் இறந்துபோன அவரை நாம் இப்படி அசைந்து சிரித்துப் பாடப் பார்க்கக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. நிறுவனம் கொடுத்த வேடத்துக்கும் கலைஞர் அதில் செய்து காட்டியதற்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளக்கத் தெரியாத விமர்சனம் எங்களுக்குப் போதவில்லை. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்த மக்களின் அரசியலைப் படித்த அளவுக்கு அவர்களின் ஆட்டத்தையும் பாட்டையும் நாம் படித்ததில்லை.

இந்தக் கலைஞர்கள் ஆடிப் பாடிவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் அல்ல. போர்க்காலத்தில் ஒரு ராணுவ முகாமில் ஜெர்மன் போர்க்கைதிகளை முன்வரிசையிலும் அமெரிக்காவுக்காகப் போராடும் கறுப்பின வீரர்களைப் பின்னாலும் உட்கார வைத்திருந்தார்கள். லீனா ஹார்ன் மேடையிலிருந்து இறங்கி, கைதிகளுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வரிசைக்குப் பாடினார். அவரே பிற்காலத்தில் பலமுறை சொன்ன சம்பவம் இது. 1950களில் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டார். 1963 ஜூனில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் மெட்கர் எவர்ஸோடு ஒரே கூட்டத்தில் நின்றார். சில நாட்களில் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். டன்ஹம் 1944இல் லூயிவில் நகரில் நிகழ்ச்சி முடிந்ததும், எங்கள் மக்கள் உங்கள் பக்கத்தில் உட்காரும்வரை இந்த அரங்குக்கு வரமாட்டேன் என்று பார்வையாளர்களிடமே சொல்லிவிட்டுப் போனார். ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியதை எதிர்த்து 1992இல் 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அப்போது அவருக்கு 82 வயது.

2001இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது. நல்லதுதான். ஆனாலும் இன்று கைப்பேசியில் நமக்கு வந்து சேருவது மறுபடியும் துண்டுதான். அன்று வெட்டித் தூக்கி எறிந்தார்கள், இன்று வெட்டி ரசிக்கிறோம். முன்பின் இல்லாமல், பெயர் இல்லாமல், வித்தை மட்டும்.

எங்கள் படிப்பு வட்டத்தில் இந்தப் படத்தை மாணவர்களுக்குத் திரையிட இருக்கிறோம். சூரியகாந்திப் பூ காட்சியையும் கரி பூசிய காட்சியையும் நீக்கிவிட்டுப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நாமும் கத்தரியை எடுப்பதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். முழுதாகப் போடுவது என்று முடிவாகிவிட்டது. அந்த இடம் வரும்போது படத்தை நிறுத்திப் பேசுவதா, 78 நிமிடமும் ஓடிய பிறகு பேசுவதா என்பதில்தான் இன்னும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.