பத்துக்கு எத்தனை?

உங்கட அப்பாவோ அம்மாவோ சிறையில் இருந்திருக்கினமா? உங்கட கூட்டாளிகளில் எத்தனை பேர் போதைப்பொருள் பாவிக்கினம்? அமெரிக்காவில் கைதானவர்களை மதிப்பிடுகிற கொம்பாஸ் மென்பொருளின் 137 கேள்விகளில் இப்படியானவையும் இருக்கு. இனம் என்னவெண்டு கேட்கிறதில்லை. கடைசியில், ஆள் திரும்பவும் குற்றம் செய்வாரா எண்டதுக்கு 1 முதல் 10 வரை ஒரு புள்ளி வரும்.

புளோரிடாவின் புரோவார்ட் கவுண்டியில் இந்தப் புள்ளி போடப்பட்ட 7000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை 2016இல் புரோப்பப்ளிக்கா ஆராய்ந்தது. அடுத்த இரண்டு வருசத்தில் திரும்பப் பிடிபடாத கறுப்பினத்தவர்களில் 45 வீதமானோருக்கு ‘ஆபத்துக் கூட’ எண்டு புள்ளி விழுந்திருந்தது. வெள்ளையர்களில் அது 23 வீதம்.

நிறுவனம் விடவில்லை. ஒரே புள்ளி எடுத்த கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் திரும்பப் பிடிபடுகினம், இதில் எங்க பாரபட்சம் எண்டு கேட்டது. விசயம் என்னவெண்டால், இரண்டு பக்கமும் சொன்னது சரி. இரண்டு குழுக்களும் பிடிபடும் வீதம் வேறுபட்டால், இந்த இரண்டு வகை நியாயமும் ஒண்டாகக் கிடைக்காது எண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள்.

பலர் இதோட கதையை முடிச்சிடுவினம். எனக்கு அந்த ‘பிடிபடும் வீதம்’தான் உறுத்துது. மென்பொருளுக்குத் தெரிஞ்சது குற்றம் இல்லை, கைது. பொலிஸ் எந்தத் தெருவில் கூடச் சுத்துதோ அங்க கைதும் கூட. பயங்கரவாதத் தடைச் சட்டத்தோட வளர்ந்த எங்களுக்கு, கைதுக்கும் குற்றத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் எண்டு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

விஸ்கொன்சினில் லூமிஸ் எண்டவருக்கு ஆறு வருசச் சிறை. தண்டனை தீர்மானிக்கேக்க நீதிபதி கொம்பாஸ் புள்ளியையும் பார்த்தார். அது எப்படிக் கணிக்கப்பட்டது எண்டு லூமிஸ் கேட்டார். வியாபார இரகசியம் எண்டு பதில். 2016இல் மாநில உச்ச நீதிமன்றம், எச்சரிக்கைக் குறிப்போட புள்ளியைப் பாவிக்கலாம், அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது எண்டு சொன்னது. சிகரெட் பெட்டியிலயும் எச்சரிக்கைப் படம் இருக்குத்தானே!

நீதிபதிகள் மட்டும் என்ன பாரபட்சம் இல்லாதவையா எண்டு கேட்பீங்கள். இல்லைதான். பிணைக்காசு கட்ட வழியில்லாமல் உள்ளுக்க கிடக்கிற ஏழைகளை வெளியில் விட இப்படியான கருவி உதவும் எண்ட வாதத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நீதிபதி காரணம் சொல்லவேணும். அந்தக் காரணத்தை வைத்து மேன்முறையீடு செய்யலாம். ‘8’ எண்ட இலக்கத்தோட எப்படி வாதாடுறது?

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வயது, முன்னைய குற்றங்களின் எண்ணிக்கை எண்ட இரண்டை மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு கொம்பாஸ் அளவுக்கே சரியாகச் சொன்னது. அந்தக் குற்ற எண்ணிக்கையிலும் பொலிஸின் பார்வை கலந்துதான் இருக்கு. எண்டாலும் அதை ஒரு கடதாசியில் எழுதி, சட்டத்தரணிக்கு முன்னாலயே கூட்டிக் காட்டலாம். பிழையெண்டால் எந்த வரி பிழையெண்டு அவர் எழும்பிச் சொல்லலாம்.