15-ல் 10 கோல் ஒருவரே அடித்தால்... இந்திய ஹாக்கியின் அடுத்த வரிசையில் யார் யார்?

பாரீஸ் ஒலிம்பிக்கில் நம் ஆண்கள் ஹாக்கி அணி எட்டு ஆட்டங்களில் அடித்த கோல்கள் 15. அதில் கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங் மட்டும் அடித்தது 10. மீதி ஐந்தை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என வென்றோமே, அந்த இரண்டும் அவர் அடித்ததுதான்.

பதக்கம் வந்த சந்தோஷத்தில் அன்று யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது டிசம்பர். சீனியர் அணிக்குப் பெரிய தொடர் எதுவும் இல்லை. சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை முடிந்துவிட்டது. ஜனவரியில் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கும்வரை ரசிகனுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத ரசிகன் என்ன செய்வான்? பேப்பரும் பேனாவும் எடுத்து டீம் எழுதுவான். நானும் எழுதினேன். முதல் 11 பேரை எழுத இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. பன்னிரண்டாவது பெயரில் இருந்துதான் பேனா தடுமாறியது.

ஹாக்கியில் அந்தப் பன்னிரண்டாவது பெயர்தான் முக்கியம். கால்பந்து மாதிரி இங்கே மாற்று ஆட்டக்காரருக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. 15 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். வெளியே போனவர் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம். ஃபார்வர்டு ஆட்டக்காரர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒலிம்பிக்கில் 16 பேர், மற்ற பெரிய தொடர்களில் பொதுவாக 18 பேர். பெஞ்சில் இருப்பவர் வெறும் பார்வையாளர் இல்லை. அவரும் பாதி ஆட்டம் ஆடுகிறவர். பெஞ்ச் பலவீனமாக இருந்தால் கடைசிக் குவார்ட்டரில் கால் கனத்துவிடும்.

இந்த வருடம் ஜூன் மாதம் ஐரோப்பாவில் அதைப் பார்த்தோம். புரோ லீக்கில் தொடர்ந்து ஏழு தோல்வி. அதில் ஆறு, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்! கடைசி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 4-3 என வென்றதுதான் ஒரே ஆறுதல். எட்டு ஆட்டங்களில் நாம் வாங்கிய கோல்கள் 26. ஒன்பது அணிகள் கொண்ட பட்டியலில் எட்டாவது இடம். 'திறமை இல்லை' என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. திறமை இல்லாத அணி ஆஸ்திரேலியாவிடம் இரண்டு முறையும் 2-3 என்று தோற்காது. 0-5 என்று தோற்கும். முடிக்கிற இடத்தில் தெம்பு இல்லை என்பதுதான் விஷயம்.

ஒருவர் போனால் என்ன ஆகும்?

இதற்கு நம்மிடம் பழைய பாடங்கள் நிறைய இருக்கின்றன.

2003 செப்டம்பரில், அன்றைய பெனால்ட்டி கார்னர் நாயகன் ஜுக்ராஜ் சிங் கார் விபத்தில் படுகாயமடைந்தார். அடுத்த வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நமக்கு ஏழாவது இடம். பிறகு அந்தப் பொறுப்பு சந்தீப் சிங்கிடம் வந்தது. 2006 உலகக் கோப்பைக்குக் கிளம்பும் நேரத்தில், ரயிலில் தவறுதலாக வெடித்த துப்பாக்கியின் குண்டு அவர் மேல் பாய்ந்தது. அவர் இல்லாமல் ஜெர்மனி போன அணி, 12 அணிகளில் 11-வதாக வந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், மூன்றே வருடத்தில் இரண்டு முறை ஒரே இடத்தில் ஓட்டை விழுந்தது. இரண்டு முறையும் அடைக்க ஆள் இல்லை.

சமீபத்திய உதாரணங்களும் உண்டு. 2023-ல் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில், இங்கிலாந்துடனான ஆட்டத்தில் ஹர்திக் சிங்குக்குத் தொடைத் தசையில் காயம். நடுக்களத்தின் மூளையே அவர்தான். அவர் இல்லாத நியூஸிலாந்து ஆட்டத்தில் 3-1 என முன்னிலையில் இருந்தும் 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் வெளியேறினோம். சொந்த மண்ணில் கால் இறுதிக்குக்கூடப் போகவில்லை.

பாரீஸில் பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் 17-வது நிமிடமே அமித் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. பத்து பேருடன் போராடி ஷூட் அவுட்டில் ஜெயித்தது நமக்கெல்லாம் மறக்க முடியாத நாள். ஆனால், தடை காரணமாக அரை இறுதியில் ரோஹிதாஸ் இல்லை. எதிரணியின் பெனால்ட்டி கார்னரின்போது பந்தை நோக்கி முதலில் பாய்கிறவர் அவர். உடம்பில் அடி விழும் என்று தெரிந்தே ஓட வேண்டிய வேலை அது. ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. டோக்கியோவில் 41 வருடத்துக்குப் பிறகு பதக்கம் வந்த அந்த 5-4 ஆட்டத்தில், ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர் சிம்ரன்ஜீத் சிங். முதலில் அறிவித்த 16 பேரில் அவர் பெயரே இல்லை. ரிசர்வ் ஆட்டக்காரர். கொரோனாவால் விதியைத் தளர்த்தியதால் களம் இறங்க வாய்ப்பு கிடைத்தது. பெஞ்சில் இருந்து வந்த அந்த இரண்டு கோல் இல்லை என்றால் பதக்கமே இல்லை.

கோல் கீப்பர்: நாற்காலி காலி ஆகி ஒரு வருடம்

பி.ஆர்.ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றதும் சீனியர் அணியில் 16-ம் நம்பர் ஜெர்சிக்கும் ஓய்வு கொடுத்தார்கள். மரியாதை சரி. அந்த இடத்தில் நிற்பது யார்?

முதல் பதில் கிருஷன் பதக். ஸ்ரீஜேஷுக்குப் பின்னால் பல வருடம் பொறுமையாகக் காத்திருந்தவர். அடுத்து சூரஜ் கர்கேரா. நவம்பரில் மலேசியாவில் நடந்த சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைக்குப் பவனையும் மோஹித்தையும் அனுப்பிப் பார்த்தார்கள். நல்ல முடிவு.

ஸ்ரீஜேஷே ஒரே நாளில் ஸ்ரீஜேஷ் ஆகிவிடவில்லை. 2006-ல் அறிமுகமானவர், நாடு முழுக்கப் பேசப்பட்டது 2011-ல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானின் இரண்டு பெனால்ட்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்தபோதுதான். இடையில் ஐந்து வருடம். கோல் கீப்பர் மாமரம் மாதிரி, நட்டவுடன் காய்க்காது. பதக்குக்குப் பின்னால் இப்போதே இரண்டு கன்று நட்டால்தான் 2028-க்கு ஆகும்.

டிராக் ஃப்ளிக்: பெரிய கவலை இதுதான்

பெனால்ட்டி கார்னரில் ஒருவர் பேக் லைனில் இருந்து பந்தைத் தள்ளுவார், ஒருவர் 'டி' வட்டத்தின் விளிம்பில் நிறுத்துவார், மூன்றாமவர் மட்டையால் இழுத்து வீசுவார். பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்த மூன்றாமவர்தான் ஹர்மன்ப்ரீத்.

அவருக்கு ஜனவரியில் 30 வயது நிறைகிறது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வரும்போது 32. வயது பெரிய பிரச்னை இல்லை. ஆனால் எதிரணிகள் எல்லாம் அவர் கை எப்படித் திரும்பும் என்று வீடியோ பார்த்து மனப்பாடம் செய்துவிட்டன. இரண்டாவது ஃப்ளிக்கர் இருந்தால்தான் தடுப்பவர்கள் யாரை நோக்கி ஓடுவது என்று குழம்புவார்கள்.

ஜுக்ராஜ் சிங் இருக்கிறார் (மேலே சொன்னவர் இல்லை, இவர் வேறு). ரோஹிதாஸ், சஞ்சய் இருவருக்கும் வீசத் தெரியும். ஆனால் ரோஹிதாஸுக்கு 2028-ல் 35 வயது. அடுத்த தலைமுறையில் நான் கோடு போட்டு வைத்திருக்கும் பெயர்கள் இரண்டு: சாரதா நந்த் திவாரி, அன்மோல் எக்கா. ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசி 11 நிமிடத்தில் நான்கு கோல் அடித்து வென்றோமே, அதில் இருவருக்கும் ஆளுக்கு ஒரு கோல்.

நடுக்களமும் முன்வரிசையும்

நடுக்களத்தில் ஹர்திக், விவேக் சாகர் பிரசாத் இருவரும் நல்ல வயதில் இருக்கிறார்கள். மன்ப்ரீத் சிங் நான்கு ஒலிம்பிக் பார்த்தவர். 2028-ல் அவருக்கு 36. அவர் தரும் நிதானத்தை யார் தருவார்? ராஜ்குமார் பால் ஓடுகிறார், உழைக்கிறார். ஆனால், ஹர்திக்குக்கு ஒரு தொடர் முழுக்க ஓய்வு கொடுத்துவிட்டு ஆடிப் பார்க்கும் தைரியம் நமக்கு வேண்டும். 2023 மாதிரி காயம் வந்து கற்றுக்கொடுக்க விடக் கூடாது.

முன்வரிசையில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என வீழ்த்தி ஆசியக் கோப்பையை வென்றபோது, இறுதி ஆட்டத்தில் ஹர்மன்ப்ரீத் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. தில்ப்ரீத் இரண்டு, சுக்ஜீத் ஒன்று, ரோஹிதாஸ் ஒன்று. கேப்டன் அடிக்காமலே கோப்பை வந்தது. இந்த வருடத்தின் ஆகச் சிறந்த செய்தி எனக்கு அதுதான். லலித் உபாத்யாய் ஓய்வு பெற்ற இடத்துக்கு அபிஷேக், சுக்ஜீத், தில்ப்ரீத் மூவரும் உரிமை கொண்டாடிவிட்டார்கள்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் வரிசையில் நிற்கிறார். அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் ஹாக்கி கற்ற செல்வம் கார்த்தி. ஹர்மன்ப்ரீத் இல்லாமல் சஞ்சய் தலைமையில் போன அஸ்லான் ஷா அணியில் இவரும் இருந்தார். நியூஸிலாந்தை 3-2 என வென்ற ஆட்டத்தில் கடைசி நேர வெற்றி கோல் இவருடையது. இந்த அணி இறுதிவரை போய் பெல்ஜியத்திடம் 0-1 என்று மட்டுமே தோற்றது. 'இரண்டாம் வரிசை' என்று சொல்லப்பட்ட அணிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஜூனியர்கள் எப்போது வருவார்கள்?

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் இந்த மாதம் ஆடிய பையன்களை உடனே சீனியர் அணியில் பார்க்க ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுமை தேவை. 2016-ல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை வென்ற அணியில் ஹர்மன்ப்ரீத், மந்தீப், சுமித், குர்ஜந்த், சிம்ரன்ஜீத் இருந்தார்கள். அவர்கள் கழுத்தில் ஒலிம்பிக் பதக்கம் ஏறியது 2021-ல். இப்போதைய ஜூனியர்களும் அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என வாங்கியிருக்கிறார்கள். இடைவெளி எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியும். அவர்களுக்குப் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ் என்பதால், காத்திருப்பது எப்படி என்று சொல்லித்தரச் சரியான ஆள் இருக்கிறார்.

ஹாக்கி இந்தியா லீக் இவர்களுக்கு நல்ல வாசல். ஒவ்வொரு அணியிலும் ஜூனியர்களுக்கு இடம் உண்டு. ஆனால் முக்கியமான வேலைகளை வெளிநாட்டு வீரர்களிடம் கொடுத்துவிடுகிறோமோ என்ற குறை எனக்கு இருக்கிறது. கடந்த சீசனில் நம் தமிழ்நாடு டிராகன்ஸ் கோல் போஸ்ட்டில் அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் நின்றார். அருமையான கீப்பர், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஓர் இந்தியக் கீப்பர் உட்கார்ந்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு ஆட்டத்திலாவது நம் பையன் நிற்கட்டுமே!

இதெல்லாம் ஏன் இப்போதே?

2026 காலண்டரைப் பாருங்கள். உலகக் கோப்பை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து ஆகஸ்ட் 30-ல் முடிகிறது. ஜப்பானில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்குவது செப்டம்பர் 19. நடுவில் மூன்று வாரம்கூட இல்லை!

உலகக் கோப்பையை நாம் வென்றது 1975-ல் ஒரே ஒரு முறை. அந்த ஆசை ஒரு பக்கம். ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றால் லாஸ் ஏஞ்சலஸுக்கு நேரடி டிக்கெட் என்பது இன்னொரு பக்கம். 2018-ல் ஜகார்த்தாவில் மலேசியாவிடம் அரை இறுதியில் தோற்றதால், அடுத்த வருடம் புவனேஸ்வரில் ரஷ்யாவுடன் தகுதிச்சுற்று ஆடித்தான் டோக்கியோ போனோம்.

அதே 18 பேர் ஐரோப்பாவில் அடிபட்டு, மிதிபட்டு, 20 நாளில் ஜப்பானிலும் ஓட முடியுமா? முடியாது. அதனால் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனுக்கு ரசிகனின் கோரிக்கை மூன்றுதான். புரோ லீக்கில் இரண்டு கீப்பர்களையும் சமமாக ஆடவிடுங்கள். சில ஆட்டங்களில் ஹர்மன்ப்ரீத் களத்தில் இருக்கும்போதே முதல் பெனால்ட்டி கார்னரை இன்னொருவர் கையில் கொடுங்கள். செல்வம் கார்த்தி மாதிரி காத்திருப்பவர்களுக்குத் தோற்றாலும் பரவாயில்லை என்று நான்கைந்து ஆட்டம் தொடர்ந்து கொடுங்கள். ஒரு ஆட்டம் கொடுத்துவிட்டு உட்காரவைத்தால் யாருக்கும் கால் நிலைக்காது.

இதனால் பிப்ரவரியில் சில ஆட்டங்கள் தோற்கலாம். சோஷியல் மீடியாவில் திட்டு விழலாம். ஜூன் மாத ஏழு தோல்விகளையே தாங்கிக்கொண்ட நமக்கு, காரணத்தோடு வரும் இரண்டு தோல்வியைத் தாங்கத் தெரியாதா என்ன?

நான் எழுதிய 18 பேரில் இப்போதைக்கு 15 பெயர் பேனாவில், மூன்று பெயர் பென்சிலில் இருக்கிறது. இரண்டாவது கீப்பர், இரண்டாவது ஃப்ளிக்கர், ஹர்திக்குக்கு மாற்று. அந்த மூன்றும் பேனாவுக்கு மாற ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது.