கருத்து நல்லதாயின் கதை நல்லதாகுமா?

குடிகாரக் கணவன் ஒருவன், செபமாலையை விடாது பற்றியிருக்கும் மனைவி, ஒரு விபத்து, மருத்துவமனைக் கட்டிலில் கண்ணீரோடு மனமாற்றம், இறுதிப் பத்தியில் ஆலய மணியோசை. நம் இதழ்களிலும் பங்குத் திருவிழா மலர்களிலும் இக்கதையை எத்தனை முறை படித்திருப்போம்! எழுதியவர் பெயர் மட்டுமே மாறுகிறது. குறை சொன்னாலோ, "கருத்து நல்லதுதானே, சாமி?" என்று விடை வருகிறது. அந்த விடையைத்தான் இங்கே மறுக்கிறேன். கருத்து மட்டும் போதுமென்றால் மறையுரை போதும், கதை எதற்கு? (மறையுரைக்கும் அது போதாது என்பதை ஞாயிறுதோறும் கொட்டாவிகள் எங்களுக்கு உணர்த்துகின்றன.)

ஒரு கதை பலித்ததா என்றறிய விவிலியமே அளவுகோல் தருகிறது. சாமுவேல் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் நாத்தான், தாவீதிடம் பாவத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஏழை ஒருவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசுகிறார். அது அவன் உணவில் பங்குகொண்டது, அவன் கிண்ணத்தில் குடித்தது, அவன் மடியில் உறங்கியது. அவ்வளவே. அரசன் தன்னை மறந்து சினங்கொள்கிறான், தீர்ப்பும் வழங்கிவிடுகிறான். அதன் பின்னரே நாத்தானின் விரல் அவன் பக்கம் திரும்புகிறது. அந்தக் கிண்ணமும் மடியும் இல்லையேல் அச்சினம் பிறந்திராது. உங்கள் கதையின் குடிகாரனுக்கு அத்தகைய கிண்ணம் ஒன்றேனும் உண்டா? அவன் செய்யும் தொழில் என்ன? யாரிடம் கடன்பட்டிருக்கிறான்? குடிக்காத நாளில் மகளிடம் எப்படிப் பேசுவான்? தெரியாதெனில் நீங்கள் மனிதனைப் படைக்கவில்லை. ஒரு பாவத்துக்குச் சட்டை மாட்டியிருக்கிறீர்கள்.

முடிவுக்கு வருவோம். லூக்கா 15ஆம் அதிகாரத்தின் மூத்த மகன் வீட்டினுள் சென்றானா? நற்செய்தி சொல்லவில்லை. யோனா நூல் ஒரு வினாவோடு நின்றுவிடுகிறது. ஆண்டவரே திறந்துவைத்த கதவை நாம் மட்டும் ஏன் அவசரமாகத் தாழிடுகிறோம்? வாசகர் மீது நமக்கு நம்பிக்கையில்லை; அதுவே காரணம்.

பாவியை உயிரோடு காட்டினால் இறைமக்களுக்கு இடறலாகாதா என்பர் சிலர். கிரகாம் கிரீன் 1940இல் வெளியிட்ட 'தி பவர் அண்ட் த குளோரி' நாவலின் நாயகர், மெக்சிகோவில் திருச்சபை வேட்டையாடப்பட்ட காலத்துக் குடிகாரக் குரு ஒருவர். உரோமையின் திரு அலுவலகம் 1953இல் அந்நூலைக் கண்டித்தது உண்மை. ஆயினும் திருத்தந்தை ஆறாம் பவுல் 1965இல் அவ்வாசிரியரைச் சந்தித்தபோது, அதைப் பொருட்படுத்த வேண்டாமென்றே தேற்றினார். நம் வீரமாமுனிவரும் துறவியாயிருந்துகொண்டே பரமார்த்த குருவைப் பார்த்துச் சிரிக்கவைத்தவர்தாமே!

எழுதி முடித்ததை ஒரு மாதம் பெட்டியில் பூட்டி வையுங்கள். பிறகு எடுத்து உரக்கப் படியுங்கள். நா இடறும் இடமெல்லாம் பொய்யான இடமென்று ஐயுறுங்கள். கடைசிப் பத்தியை அடித்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் குறையாது. பின்னர், உங்களைப் புகழவேண்டிய கட்டாயமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். "நன்றாயிருக்கிறதா?" என்று கேளாதீர்கள். எங்கே சலித்தது, யார் மனத்தில் நின்றார் என்று கேளுங்கள். பங்குத்தந்தையிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். நாங்கள் எதையும் ஆசீர்வதித்தே பழகியவர்கள்.