நத்தை எந்த நாளில் வெளியே வரும்?

பத்து மீட்டர் ஆழமுள்ள கிணற்றின் அடியில் ஒரு நத்தை இருக்கிறது. அது பகலில் 3 மீட்டர் ஏறுகிறது. இரவில் 2 மீட்டர் சறுக்குகிறது. எத்தனையாவது நாளில் அது கிணற்றின் விளிம்பை அடையும்?

இக்கணக்கைக் கேட்டதும் வகுப்பில் பலர் “பத்து” என்று உடனே கூறிவிடுவர். படிவம் ஒன்றில் நானும் அப்படித்தான் எழுதினேன். விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. ஏன் தவறு என்று யாரும் விளக்கவில்லை. ஒரு நாளைக்கு 1 மீட்டர் என்றால் 10 மீட்டருக்கு 10 நாள்தானே என்று நெடுநாள் குழம்பினேன்.

என் கழித்தலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. ஏழாம் நாள் இரவு முடியும்போது நத்தை 7 மீட்டர் உயரத்தில் இருக்கும். எட்டாம் நாள் பகலில் 3 மீட்டர் ஏறியதும் விளிம்பைத் தொட்டுவிடும். வெளியே வந்த நத்தை மீண்டும் சறுக்காது அல்லவா? ஆகவே, விடை 8.

இது மாணவர்களைச் சிக்க வைக்கும் தந்திரக் கணக்கு என்று சிலர் கருதுகின்றனர். எந்த நத்தை அளவுகோலோடு ஏறுகிறது என்று கேலியும் செய்கின்றனர். கேலி நியாயமானதுதான். ஆயினும், இக்கணக்கு பாடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எல்லா நாளும் ஒரே மாதிரி என்று எண்ணிக் கணக்கிடுவது கடைசி நாளில் பொருந்தாது என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் கணக்கை நான் கண்டதில்லை.

இதில் தடுமாறியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். இத்தாலியின் பீசா நகரைச் சேர்ந்த கணித மேதை ஃபிபொனாச்சி 1202-ஆம் ஆண்டில் எழுதிய ‘லிபர் அபாசி’ எனும் நூலில், குழியில் விழுந்த சிங்கத்தைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. குழியின் ஆழம் 50 சாண். சிங்கம் நாள்தோறும் ஒரு சாணில் ஏழில் ஒரு பங்கு ஏறும். ஒன்பதில் ஒரு பங்கு சறுக்கும். அவர் தந்த விடை 1575 நாள். கடைசி ஏற்றத்தைக் கவனித்தால், 1572-ஆம் நாளிலேயே சிங்கம் வெளியே வந்துவிடும்!

கூடுதல் வகுப்புகளில் இதற்கு ஒரு குறுக்குவழி கற்பிக்கப்படுகிறது. ஆழத்திலிருந்து ஒரு நாள் ஏற்றத்தைக் கழித்து, மீதியை ஏற்ற இறக்க வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டுமாம். நத்தைக் கணக்கிற்கு இது சரியாக 8 என்ற விடையைத் தரும். ஆனால், கிணறு 12 மீட்டர், ஏற்றம் 5, சறுக்கல் 3 என்று எண்களை மாற்றினால் நாலரை நாள் என்று வரும். உண்மையில், நான்காம் நாள் மாலையில் நத்தை 11 மீட்டரில்தான் நிற்கும். இரவில் 8-க்கு இறங்கிவிடும். ஐந்தாம் நாளில்தான் வெளியே வரும்.

தேர்வில் நேரம் குறைவு, அட்டவணை வரைந்துகொண்டிருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். சிங்கத்திற்கு 1572 வரிகள் எழுத முடியாதுதான். எனினும், முதல் மூன்று நாள்களையும் கடைசி இரண்டு நாள்களையும் எழுதிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆசிரியர்களும் அந்த வரிகளுக்கு மதிப்பெண் வழங்க வேண்டும்.

பகலில் 2 மீட்டர் ஏறி, இரவில் 3 மீட்டர் சறுக்கும் நத்தையை அதே பத்து மீட்டர் கிணற்றில் விட்டுப் பாருங்கள். குறுக்குவழி −7 நாள் என்று கூறும். அந்த நத்தையோ ஒவ்வொரு நாள் காலையிலும் கிணற்றின் அடியிலேயே இருக்கும்.