கூவாகத்துக்கு வராதவர்களின் கச்சு

சித்திரை பிறந்தா போதும், கேமராவும் கையுமா ஒரு கூட்டம் கூவாகத்துக்குக் கிளம்பிடும். முதல் நாள் தாலி கட்டுற படம், மறுநாள் தாலி அறுத்து வெள்ளைச் சேலை கட்டி அழுற படம். நம்ம பதிவர் மக்களும் சும்மா இருக்க மாட்டாங்க. அரவான் கதை, கிருஷ்ணன் மோகினியான கதை, கடைசியில ரெண்டு வரி பரிதாபம். வெளியூர்க்காரங்களுக்கு எங்க கள்ளக்குறிச்சி மாவட்டம்னா ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம்தான்: ஒண்ணு கூவாகம், இன்னொண்ணு 2024 ஜூன்ல நடந்த விஷச் சாராயச் சாவு. (2019 நவம்பர் வரைக்கும் கூவாகம் விழுப்புரம் மாவட்டக் கணக்கு. இப்பவும் நிறைய பேர் விழுப்புரம்னுதான் எழுதறாங்க. போகட்டும்.)

கூவாகத்து மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. திருநங்கைகள் தலைநிமிர்ந்து நடக்க ஒரு ஊர், ஒரு சாமி, ஒரு நாள் இருக்கிறது நல்ல விஷயம்தான். என் கேள்வி வேற. இத்தனை வருஷப் படங்கள்ல ஒரே ஒரு திருநம்பியைப் பார்த்த ஞாபகம் உங்களுக்கு இருக்கா? திருநம்பின்னா பெண்ணாகப் பிறந்ததா எழுதப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழறவர். நானா உண்டாக்கின வார்த்தை இல்லை. உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால நடந்த வழக்குக்குப் பிறகு, 2022ல் தமிழக அரசு அரசிதழ்ல வெளியிட்ட சொற்பட்டியல்லயே இருக்கு.

இவ்வளவுக்கும் கதை இல்லாமல் இல்லை. போர் தொடங்கறதுக்கு முன்னாடி அரவானைக் களப்பலி கொடுத்தாங்களே, அதே போர்ல பத்தாவது நாள் பீஷ்மர் விழுந்தது யாரை முன்னால நிறுத்தினதால? சிகண்டி. துருபதனுக்குப் பெண்ணாகப் பிறந்து, மகனா வளர்க்கப்பட்டு, யட்சன் ஒருத்தன்கிட்ட ஆண்மையை மாற்றி வாங்கின சிகண்டி. அரவானுக்குப் பதினெட்டு நாள் திருவிழா எடுக்கிறோம், சிகண்டி பேரை வசவா வச்சிருக்கோம். "இதெல்லாம் மேல்நாட்டு ஃபேஷன்"னு பின்னூட்டம் போட வர்ற அண்ணன்மார்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிச்சுட்டு வரவும் :-)

நிற்க. மேட்டருக்கு வர்றேன். இன்னைக்கு எழுத நினைச்சது சட்டம் பத்தியோ புராணம் பத்தியோ இல்லை. ஒரு துணியைப் பத்தி.

திருநம்பிகள்ல பல பேர், தன்னை ஆண் பெண் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடைக்க விரும்பாத சிலரும், சட்டைக்குள்ள மார்பு தெரியாம இருக்கறதுக்காக இறுக்கிக் கட்டிக்குவாங்க. இங்கிலீஷ்ல பைண்டிங். அதுக்குன்னே தைச்ச உடுப்பு பைண்டர். தமிழ்ல நமக்குக் கச்சுன்னு அருமையான பழைய வார்த்தை இருக்கு, அதையே வச்சுக்கலாம்னு எனக்கு ஆசை. கச்சு கட்டறது வேடம் போடறதுக்காக இல்லை. கண்ணாடியில பார்த்தா குமட்டுற ஒரு உடம்போட தினம் வேலைக்குப் போகணும், பஸ் ஏறணும், டீக்கடையில நிக்கணும். அதுக்காக. "கட்டாதே, உடம்புக்குக் கெடுதி"ன்னு சொல்றதால யாரும் கட்டாம இருக்கப் போறதில்லை. எதை வச்சு, எவ்வளவு நேரம், எங்க வச்சு அவிழ்க்கிறதுன்னு தமிழ்ல சொல்ல ஆள் இல்லாததால, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற கிரேப் பேண்டேஜைச் சுத்திக்கிறாங்க. என் கோபம் அங்கதான்.

கல்லூரியில என்கூடப் படிச்ச ஒருத்தன் திருநம்பி. பேர் வேண்டாம், அப்ப ரிஜிஸ்டர்ல இருந்த பேர் அவன் பேரே இல்லை. காலையில ஏழு மணிக்குக் காலேஜ் பஸ், வீடு திரும்ப சாயங்காலம் ஆறரை. முட்டிவலின்னு சொல்லி வாங்கின கிரேப் பேண்டேஜை நாலு சுத்து சுத்தி, மேல பனியன், அதுக்கு மேல லூஸ் சட்டை. மூணாவது மாடியில லேப். ரெண்டாவது மாடியிலேயே செல்போன் நோண்டற மாதிரி நின்னுடுவான். எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது. கடைசி வருஷம் ஏப்ரல்ல அக்குளுக்குக் கீழ தோல் கிழிஞ்சு புண்ணாகி, டாக்டர்கிட்ட போனா, என்ன ஏதுன்னு கேக்காம "சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்க"ன்னு அம்மாகிட்ட சொல்லி அனுப்பியிருக்கார் அந்த மகான்.

கிரேப் பேண்டேஜ் ஏன் ஆபத்துன்னு பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். ஆரோக்கியமான ஆள் மூச்சை முழுசா இழுத்தா மார்புச் சுற்றளவு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கூடும். விலா எலும்புகள் மேலயும் வெளியேயும் விரியறதாலதான் நுரையீரலுக்குள்ள காத்து போகுது. கிரேப் பேண்டேஜ் கணுக்கால் சுளுக்குக்கு வந்த சாமான். இழுத்தா இழுத்த அளவுக்குத் திருப்பி இறுக்கும், நாலு சுத்துன்னா நாலு சுத்தும் சேர்ந்து இறுக்கும். நடக்க நடக்க நழுவி, கயிறு மாதிரி சுருண்டு, ஒரே இடத்துல போய் அழுத்தும். பார்சல் ஒட்டற டேப்பும் டக்ட் டேப்பும் இதைவிட மோசம். விரியவே விரியாது, உரிச்சா தோலோட வரும். ஒழுங்கா தைச்ச பைண்டர்ல முன்பக்கம் விறைப்பா இருக்கும், பின்பக்கம் கொஞ்சம் நெகிழும். மூச்சுக்கு இடம் விடறது அந்த நெகிழ்ச்சிதான்.

அதுக்காக பைண்டர் வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைக்க வேண்டாம். 2017ல் வெளிவந்த ஒரு ஆய்வு, 38 நாடுகள்ல இருந்து 1,800 பேர்கிட்ட கேட்டு எழுதினது. 97 சதவீதத்துக்கும் மேல ஏதாவது ஒரு தொந்தரவாவது இருக்குன்னு சொல்லியிருக்காங்க. முதுகுவலி பாதிப் பேருக்கு மேல, உடம்புச் சூடும் பாதிப் பேருக்கு மேல. மூச்சுத் திணறலும் பாதியை நெருங்குது. கடையில வாங்கின பைண்டரும் தப்பவில்லை. வாரத்துல எத்தனை நாள் கட்டறாங்கங்கறதுதான் தொந்தரவோட அதிகமா ஒத்துப்போச்சு. அதாவது நடுவுல லீவு விடறது பெரிய விஷயம். இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது: கட்ட ஆரம்பிச்ச பிறகு மனசு லேசாச்சு, பதட்டம் குறைஞ்சதுன்னும் அதே ஆட்கள்தான் சொன்னாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கக் கூடாது.

பொதுவா சொல்ற ஜாக்கிரதை இதுதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், தூங்கும்போது கூடவே கூடாது. அளவெடுத்துச் சரியான சைஸ் வாங்கணும், இன்னும் தட்டையா தெரியணும்னு ஒரு சைஸ் சின்னதா எடுக்கறதும், ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போடறதும் கூடாது. போட்டுக்கிட்டு முழுசா மூச்சு இழுக்க, இருமக் கொட்டாவி விட முடியணும். வாரத்துல சில நாள் சும்மா விடணும். அவிழ்த்ததும் நாலு தடவை ஆழமா மூச்சு விட்டு, நல்லா இருமிக்கணும். உடற்பயிற்சி செய்யும்போது கூடாது. ஆஸ்துமா இருக்கறவங்களும் வளர்ற வயசுப் பிள்ளைகளும் இன்னும் கவனமா இருக்கணும்.

சரி, இதை அப்படியே எங்க ஊருக்குக் கொண்டு வாங்க.

உடற்பயிற்சின்னா ஜிம்னு நினைச்சு எழுதினது அது. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டறதும், கட்டு சுமந்து லாரி ஏத்தறதும் உடற்பயிற்சிக் கணக்குல சேருமா, சேராதா? கல்வராயன் மலையில மரவள்ளிக் காட்டுல கிழங்கு பிடுங்கி மூட்டையைத் தலையில வச்சு மேடேறணும். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் குக்கிராமத்துல இருக்கற ஒரு பிள்ளைக்கு, மூச்சு வாங்காத வேலைன்னு ஒண்ணு கிடையாது. அந்த வேலை நேரத்துக்குக் கச்சு வேண்டாம், தொளதொளன்னு ஒரு சட்டை, உள்ள ஸ்போர்ட்ஸ் பிரா, முன்னாடி ரெண்டு பை வச்ச கட்டம் போட்ட சட்டை, மேல துண்டு. இவ்வளவு போதும்னு சொல்ற ஆள் வேணும். காட்டு வேலைக்கு ஆம்பளைச் சட்டை போடற பெண்கள் எங்க ஊர்ல ஏகப்பட்ட பேர், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இந்த யோசனை எந்த இங்கிலீஷ் கையேட்டுலயும் இருக்காது.

எட்டு மணி நேரம்ங்கிறதும் அப்படித்தான். அவிழ்க்கறதுக்குன்னு கதவு சாத்தற ஒரு ரூம் இருக்குங்கற தைரியத்துல சொன்ன கணக்கு அது. ஒரே அறை வீட்டுல அப்பா, அம்மா, தம்பி, பாட்டியோட படுக்கிற பிள்ளை எங்க போய் அவிழ்க்கும்? காலையில இருட்டோட கட்டினா ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகுதான். சில நாள் அதுவும் இல்லை, அப்படியே தூங்கிடுவாங்க.

அடுத்தது துணி காயப்போடற கொடி. இதை யாருமே எழுதினதில்லை, ஆனா என் நண்பன் மணிக்கணக்கா பேசினது இதைப் பத்தித்தான். கச்சைத் துவைச்சா வெயில்ல காயணும். வெயில்ல காயப்போட்டா அம்மா பார்ப்பாங்க, பக்கத்து வீட்டு அத்தை பார்ப்பாங்க. அதனால கட்டிலுக்கு அடியில, புஸ்தகப் பைக்குள்ள, சுருட்டி வச்சு அரைகுறையா காய்ஞ்சதை மறுநாள் மாட்டறது. நம்ம சித்திரை வெயில்ல, வேர்வையில, ஈரத்துணியை இறுக்கிக் கட்டினா என்ன ஆகும்? முதல்ல வேர்க்குரு, அப்புறம் படர்தாமரை. மெடிக்கல்ல ஏதாவது களிம்பு கொடுங்கன்னு கேட்டா ஸ்டீராய்டு கலந்ததைத் தூக்கிக் கொடுப்பாங்க. ரெண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து, பத்து மடங்கா பரவும். உள்ள மெல்லிசா ஒரு பருத்தி பனியன் போட்டு அதுக்கு மேல கட்டினா தோல் பிழைக்கும். ரெண்டு கச்சு இருந்தா மாத்தி மாத்தி காய வைக்கலாம். ஆனா ரெண்டு வாங்க யார்கிட்ட காசு இருக்கு? ஆன்லைன்ல ஒண்ணோட விலையே ஒரு நாள் கூலிக்கு மேல, அதுவும் வீட்டுக்கு வர்ற பார்சலைப் பிரிக்கப் போறது அப்பா.

இங்கதான் திருநங்கைக்கும் திருநம்பிக்கும் வித்தியாசம் வருதுன்னு நினைக்கிறேன். திருநங்கைகளை வீட்டை விட்டுத் துரத்தறாங்க. கொடுமைதான், ஆனா வெளியே ஜமாத் இருக்கு, கைப்பக்குவம் சொல்லித் தர மூத்தவங்க இருக்காங்க. திருநம்பியை வீட்டுக்குள்ளயே பூட்டறாங்க, ஏன்னா வீட்டுக்கணக்குல அவன் பொண்ணு. பூட்டி வச்ச ஆளுக்கு யார் சொல்லித் தர்றது? லிவிங் ஸ்மைல் வித்யா எழுதின 'நான், வித்யா' 2007லேயே வந்தாச்சு, நம்மள்ல பாதிப் பேர் படிச்சிருப்போம். திருநம்பிகளோட வாழ்க்கையைத் திருநங்கை ரேவதி தன்னோட 2016 ஆங்கிலப் புத்தகத்துல சேர்த்து எழுதினாங்க. தமிழ்ல அந்த அலமாரி கிட்டத்தட்ட காலிதான். 2011 மக்கள்தொகைக் கணக்குல தமிழ்நாட்டுல 'மற்றவர்' 22,364 பேர். அதுல திருநம்பி எத்தனைன்னு பிரிச்சுப் போடலை.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே"ன்னு கேப்பீங்க. பண்ணிக்கலாம், அரசு மருத்துவமனைகள்லயும் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கு. ஆனா அதுக்கு மனநல மருத்துவர், சான்றிதழ், காத்திருப்பு, சென்னைக்கு அலைச்சல், ஆஸ்பத்திரியில கூட நிக்க ஒரு ஆள்னு வருஷக்கணக்கு ஆகும். எல்லாரும் அறுவை சிகிச்சையை விரும்பறதும் இல்லை. அந்த இடைப்பட்ட வருஷங்கள்லயும் மூச்சு விடணுமில்ல?

திருப்பூர் இருக்கிற மாநிலம் நம்முது. உலகத்துக்கே பனியன் தைச்சு அனுப்பறோம். நம்ம வெயிலுக்குத் தாங்கற துணியில, கொடியில தொங்கினா சாதா பனியன் மாதிரியே தெரியற ஒரு கச்சைத் தைக்க முடியாதா? எனக்கு நம்பிக்கை இருக்கு. இதைப் படிக்கிற பதிவர்கள்ல பின்னலாடைத் தொழில்ல இருக்கறவங்க ஒருத்தராவது யோசிங்க. டாக்டர் பதிவர்களுக்கு வேற வேண்டுகோள்: மார்புல புண்ணோட ஒருத்தர் வந்தா கல்யாணப் பேச்சை விட்டுட்டு, "என்னத்தை வச்சுக் கட்டறீங்க, எவ்வளவு நேரம்?"னு கூட வந்தவங்களை வெளியே அனுப்பிட்டுக் கேளுங்க.

என் நண்பன் இப்ப சென்னையில தனி ரூம்ல இருக்கான். ஆபீஸ் விட்டு வந்ததும் முதல் வேலை கதவைச் சாத்தி அவிழ்க்கறது, சனி ஞாயிறு முழு லீவு. "மச்சான், பைண்டரை விட எனக்கு அந்தத் தாழ்ப்பாள்தான்டா பெரிய மருந்து"ங்கறான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கட்டின பிறகு நெஞ்சுல குத்தற வலி, கை மரத்துப்போறது, தலைசுத்தல், மூச்சு இழுக்க முடியாம போறது, இதுல எது வந்தாலும் உடனே அவிழ்த்துடுங்க. அவிழ்த்தும் அடங்கலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. மலைக்காரங்க முதல்ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்க முடியலைன்னா கீழ கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிரேக்கே இல்லாம பஸ் இறங்கற அந்தக் கொண்டை ஊசி ரோட்டுல தயவுசெஞ்சு கச்சு கட்டிக்கிட்டே வராதீங்க.