தீர்ப்பில் எழுதப்படாத தண்டனை

ஆறாண்டுச் சிறை என்று நீதிமன்றம் எழுதினால், ஆறாண்டோடு தண்டனை முடிந்தது என்றே உலகம் நம்புகிறது. வாயில் திறந்ததும் கைதி தன் கடனைத் தீர்த்துவிட்டானாம்! இதைப்போல் வசதியான பொய் வேறொன்று உண்டோ?

சுப்பிரமணிய சிவாவின் வாழ்வை எண்ணிப் பார்க்கட்டும். 1908-ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரனாரோடு தண்டிக்கப்பட்ட அவர், 1912-இல் விடுதலை பெற்றார். அரசின் ஏட்டில் கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால், சிறையில் பற்றியதாக வரலாற்றாசிரியர் கூறும் தொழுநோய் அவரோடு வெளியே வந்தது. எந்த நீதிபதி அவருக்குத் தொழுநோயை விதித்தார்? எந்தச் சட்டப் பிரிவில் அது இருந்தது? போதாக்குறைக்கு, தொழுநோயாளர் தொடர்வண்டியில் ஏறலாகாது என்ற தடை வேறு. நடந்தும் மாட்டுவண்டியில் சென்றுமே ஊர் ஊராகப் பேசினார் அம்மனிதர். 1925-இல் பாப்பாரப்பட்டியில் அவர் கண்மூடியபோது அகவை 40. அச்சாவு எந்தச் சிறையின் கணக்கிலும் ஏறவில்லை.

அது வெள்ளையர் காலத்துக் கொடுமை என்பார் சிலர். நெல்சன் மண்டேலாவைச் சுண்ணாம்புக் கல் வெட்டச் செய்த தென்னாப்பிரிக்கச் சிறை அவர் கண்களைக் கெடுத்தது. 1988-இல், சிறைக்காலத்திலேயே, காசநோயும் கண்டது. அதுவும் பழங்கதை என்பாராயின், அண்மைக்கால ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு இது: வெளிவந்த முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, பிற மக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு. அச்சாவுகளுக்கு முதற்காரணம் போதைப்பொருள். காரணம் எளிது. அடைபட்ட காலத்தில் உடல் போதையைத் தாங்கும் ஆற்றலை இழக்கிறது, வெளிவந்தவன் பழைய அளவையே எடுக்கிறான், மூச்சு நின்றுவிடுகிறது. போதைப்பொருள் குற்றவாளிகள் பெருந்தொகையினராக அடைபட்டிருக்கும் மலேசியாவும் சிங்கப்பூரும் இச்செய்தியை அயல்நாட்டுக் கதையென ஒதுக்கிவிடல் ஆகுமா? நியூயார்க் மாநிலத்தைப் பற்றிய 2013-ஆம் ஆண்டு ஆய்வோ, சிறையில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் வாழ்நாளில் இரண்டு ஆண்டுகளைக் குறைப்பதாகக் கண்டது.

“குற்றம் செய்தவனுக்கு இரக்கம் எதற்கு?” என்று கேட்போர் எந்நாளும் இருப்பர். இரக்கத்தை யார் கேட்டார்? கேட்பது கணக்கு. கள்வனுக்குத் தீர்ப்பு பறித்தது சில ஆண்டுகளின் உரிமையை, நுரையீரலை அன்று. நெரிசல் மிக்க அறையில் ஒருவன் இருமினால் காசநோய்க் கிருமி அடுத்தவன் குற்றத்தின் தன்மையை விசாரித்துவிட்டா உள்ளே நுழைகிறது? காவலரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர். மாலையில் தம் பிள்ளைகளிடம் திரும்புகின்றனர்.

வெளியிலுள்ளோர் பெறும் மருத்துவத்தின் தரமே கைதிக்கும் வேண்டும், தனிமைச் சிறை தொடர்ந்து 15 நாளைக் கடக்கலாகாது என்று 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை விதி வகுத்து, அதற்கு மண்டேலாவின் பெயரையே சூட்டியது. பெயர் சூட்டுதல் எளிது! விடுதலை நாளன்று கைதியின் கையில் பழைய உடுப்பையும் வழிச்செலவையும் கொடுக்கும் அதிகாரி, அவனுடைய மருத்துவக் குறிப்பையும், அடுத்த வாரம் அவனைக் காணவிருக்கும் மருத்துவரின் பெயரையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அவன் ஓராண்டில் இறந்தானா, ஐந்தாண்டில் இறந்தானா என்பதையும் சிறைத்துறையின் ஆண்டறிக்கை அச்சிடட்டும்.